வணிகக் குழுக்களும் அவற்றின் மண்டபங்களும்

திருநீர்மலையின் அடிவாரத்தில் நின்ற கோலத்தில் சேவை சாதிக்கும் நீர்வண்ணப் பெருமாளைத் தரிசித்துவிட்டு, படியேறிச் சென்று, சயனித்திருக்கும் அரங்கநாதரையும் வீற்றிருக்கும் சாந்த நரசிம்மரையும் உலகளந்த திரிவிக்கிரமரையும் வணங்கி மீளும் பக்தர்கள், நான்கு திருக்கோலங்களையும் ஒரே ஸ்தலத்தில் காணக்கிடைத்த பாக்கியத்தை எண்ணி மகிழ்வது இயல்பு. திருமங்கையாழ்வார் பாடிய இந்த மலையிலும் சரி, தொண்டை நாட்டின் பிற ஸ்தலங்களிலும் சரி, சந்நிதிக்கு முன்னால் தூண்கள் நிறைந்து விரிந்து கிடக்கும் மண்டபங்களை நாம் பெரும்பாலும் வெயிலுக்கு ஒதுங்கும் இடமாகவும், முகூர்த்த நாட்களில் திருமணம் நடத்தும் இடமாகவுமே கருதிப் பழகிவிட்டோம். பழைய காலத்தில் இத்தகைய மண்டபங்களில் யார் கூடினார்கள், கூடி என்னென்ன தீர்மானித்தார்கள், எவற்றை நிறுத்தார்கள், எவற்றைப் பங்கிட்டார்கள் என்னும் கேள்விகளை எழுப்பிக்கொண்டு கோயில் சுவர்களை நெருங்குவோமானால், ஐரோப்பிய நகரங்களுக்கே உரிய தனிச்சிறப்பென்று சரித்திர நூல்கள் வருணிக்கும் ஒரு ஸ்தாபனம் நம்முடைய கண்ணெதிரிலேயே இருந்துவந்திருப்பது புலப்படும். அந்த ஸ்தாபனம் கில்டு மண்டபம்.

மத்திய கால ஐரோப்பாவில் வர்த்தகர்களும் கைவினைஞர்களும் தத்தம் தொழில்வாரியாகக் கூடி அமைத்துக்கொண்ட குழுக்களே கில்டுகள். பொருளின் தரத்தை நிர்ணயிப்பது, கூலியையும் விலையையும் வரையறுப்பது, தொழில் பயிலும் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்வது, வழக்குத் தீர்ப்பது, இறந்த உறுப்பினரின் விதவைக்கும் குழந்தைகளுக்கும் உதவுவது ஆகிய காரியங்களையெல்லாம் அந்தக் குழுக்களே நடத்தின. அவை கூடுவதற்கென்று கட்டிய மாளிகைகளுள் இன்றும் நல்ல நிலையில் நிற்பவற்றில், இங்கிலாந்தின் யார்க் நகரிலுள்ள மெர்ச்சன்ட் அட்வெஞ்சரர்ஸ் மாளிகையைப் போல் அந்த வாழ்க்கையை முழுமையாக விளக்கிக் காட்டுவது வேறொன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. 1357இல் தொடங்கிய அந்தக் கட்டடத்தில், மேல்தளத்திலே மரச்சட்டங்களால் ஆகிய பெருங்கூடம் வர்த்தகர்கள் கூடிப் பேசவும் விருந்துண்ணவும் அமைந்தது. அதற்கு நேர் கீழே, தரைத்தளத்திலே, ஏழைகளையும் நோயாளிகளையும் வைத்துப் பராமரிக்கும் தர்மசாலை இருந்தது. அதையொட்டி, அவர்களெல்லாம் பிரார்த்தனை செய்வதற்குரிய சிற்றாலயம் இருந்தது. வாணிகம், தர்மம், வழிபாடு என்னும் மூன்றும் ஒரே கூரையின்கீழ்ப் பிரிக்கவொண்ணாதபடி இணைந்திருந்த அந்த ஏற்பாட்டை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்வது பின்னால் நமக்குப் பயன்படும்.

பெல்ஜியத்திலுள்ள ஈப்பர் நகரத்தின் துணி மண்டபம் 1304இல் முற்றுப்பெற்றது. கம்பளித் துணி வாணிகத்தால் செழித்த அந்த நகரம் கட்டிய அம்மாபெரும் மண்டபம் முதல் உலக யுத்தத்தில் தரைமட்டமாகி, பழைய உருவிலேயே திரும்பக் கட்டப்பட்டு, 1967இல்தான் அந்தத் திருப்பணி நிறைவடைந்தது. லண்டன் மாநகரத்தின் கில்டு மண்டபம் 1411ஆம் ஆண்டு தொடங்கிக் கட்டப்பட்டு, 1666இன் பெருந்தீயையும் 1940இன் குண்டுவீச்சையும் தாங்கி இன்றும் நகர சபையின் சடங்குகளுக்குப் பயன்படுகிறது. ஆம்ஸ்டர்டாமில், பழைய கோட்டை வாயிலொன்று 1617இல் எடைபோடும் சாலையாக மாற்றப்பட்டபோது, அதன் மேல்தளங்களைக் கொல்லர், கொத்தர், ஓவியர், அறுவை வைத்தியர் ஆகியோரின் கில்டுகள் பகிர்ந்துகொண்டன. 1632இல் ரெம்பிராண்ட் தீட்டிய பிரசித்தி பெற்ற உடற்கூறு பாடச் சித்திரம் அந்த வைத்தியர் கில்டுக்காகவே தீட்டப்பட்டது. அதே ஓவியர் முப்பது ஆண்டுகளுக்குப் பின்பு, 1662இல், துணி வியாபாரிகள் கில்டின் பரிசோதகர்களை மேசையைச் சுற்றி அமர்த்தி வரைந்தார். சாயம் தோய்த்த துணியின் தரத்தைப் பார்த்து முத்திரையிடும் அதிகாரம் பெற்றிருந்த அந்தப் பரிசோதகர்களின் முகங்களில் காணும் கண்டிப்பும் பொறுப்பும், தம்முடைய ஊரின் துணிக்கு உலகச் சந்தையிலிருந்த நற்பெயர் தம் கையில் இருக்கிறது என்னும் உணர்ச்சியிலிருந்து பிறந்தவை என்றே நான் கருதுகிறேன்.

இந்த மாளிகைகள் எய்திய முடிவு நாட்டுக்கு நாடு வேறுபட்டது. பிரான்ஸில் புரட்சி அரசாங்கம் 1791இல் கில்டுகளையே சட்டத்தால் ஒழித்துவிட்டது. பிரஸ்ஸல்ஸின் பெருஞ்சதுக்கத்தைச் சூழ்ந்திருந்த கில்டு வீடுகள் 1695இல் பிரெஞ்சுப் பீரங்கிகளால் அழிந்தபோது, அந்தந்தக் குழுவினர் சில ஆண்டுகளுக்குள்ளேயே முன்னிலும் அழகாக அவற்றை எடுத்துக் கட்டினார்கள். இங்கிலாந்தில் நடந்ததோ வேறு. 1547ஆம் ஆண்டுச் சட்டம், ஆத்ம சாந்திப் பிரார்த்தனைக்கென்று ஏற்பட்ட சமயச் சார்புள்ள கில்டுகளின் சொத்துக்களை அரசுடைமையாக்கியது. ஷேக்ஸ்பியரின் ஊராகிய ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்த திருச்சிலுவைக் கில்டு அவ்வாறு கலைக்கப்பட்டு, அதன் மண்டபம் 1553இல் நகர சபைக்குச் சென்றது. கடவுளின் பெயரோடு சொத்து பிணைந்திருந்ததே அங்கே அது பறிபோவதற்குக் காரணமாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் நம் நாட்டில் விஷயம் நேர்மாறாக நடந்தது.

சிரேணிகள் என்று பெயர்பெற்ற நம் தேசத்துத் தொழிற்குழுக்கள் ஐரோப்பியக் கில்டுகளைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மூத்தவை. சாஞ்சித் தோரணத்தின் ஒரு தூணிலுள்ள சிற்ப வேலையைத் தாங்களே செய்ததாக விதிசையின் தந்த வேலைக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அரச குடும்பத்தைச் சேர்ந்த உஷவதாதன் நாசிக் குகையில் வெட்டுவித்த சாசனம், கோவர்த்தனத்து நெசவாளர் சிரேணிகளிடம் மூவாயிரம் கார்ஷாபணங்களை வட்டிக்கு வைத்து, அந்த வட்டியைக் கொண்டு குகையில் வாழும் பிக்ஷுக்களுக்கு வேண்டியதை அளிக்குமாறு ஏற்பாடு செய்கிறது. அதாவது, அரச குடும்பத்தினர் நம்பிக்கையோடு பணத்தை ஒப்படைக்கும் வங்கியாக நெசவாளர் குழு விளங்கியது. லாட தேசத்திலிருந்து மண்டசோர் என்னும் தசபுரத்துக்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர்கள், ஐந்தாம் நூற்றாண்டில், தங்கள் பொதுப் பொருளைக்கொண்டு ஒரு சூரியன் கோயிலை எடுத்து, அது பழுதுற்றபோது 473ஆம் ஆண்டையொட்டித் தாங்களே செப்பனிட்டார்கள். தமிழகத்திலோ, கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலேயே, மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் குகையில் வெள்ளறை என்னும் ஊரின் நிகமத்தார், அதாவது அவ்வூர் வணிகக் குழுவினர், சமண முனிவர்களுக்குச் செய்த தருமம் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. பொதுவாகச் சேர்த்த பணத்தைக்கொண்டு ஒரு குழு முதன்முதலில் என்ன கட்டியது என்று கேட்டால், நம் நாட்டுச் சாசனங்கள் தரும் விடை, தனக்கென்று ஒரு மாளிகையன்று, தெய்வத்துக்கோ துறவிகளுக்கோ ஓர் இல்லம் என்பதுதான்.

சோழர் காலத்தில் இந்தப் போக்கு முழு உருவம் பெற்றது. கன்னட நாட்டு ஐயவொளெயைத் தங்கள் மூல ஸ்தலமாகக் கூறிக்கொண்ட திசையாயிரத்து ஐந்நூற்றுவர், நாநாதேசிகள், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார், உழவர்களின் பெருங்குழுவாகிய சித்திரமேழிப் பெரியநாட்டார் எனப் பல பெயர்களில் வழங்கிய குழுக்கள் தென்னாடு முழுவதும் பரவியிருந்தன. இவற்றின் கல்வெட்டுக்களில் நீண்ட மெய்க்கீர்த்திகள் உண்டு. தங்கள் ஐயவொளெப் பரமேசுவரியின் மக்கள் என்ற பெருமை உண்டு. கலப்பை, குத்துவிளக்கு, வாள், குடை, பணப்பை, எருது ஆகிய சின்னங்கள் கல்லின் மேற்பகுதியில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதும் உண்டு. ஃபுளோரன்ஸ் நகரத்து ஓர்சன்மிகேலே என்னும் தானியச் சாலை ஆலயமாக மாறியபோது, ஒவ்வொரு கில்டும் வெளிச்சுவரிலுள்ள மாடமொன்றில் தன் காவல் புனிதரின் உருவத்தை நிறுத்தியதும், நம் வணிகர்கள் கோயில் கல்லில் தம் சின்னங்களைப் பொறித்ததும் ஒரே மனப்பான்மையின் இரு வெளிப்பாடுகளே.

சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலைக் கோயிலிலுள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டைத் தமிழில் எழுதப்பட்ட கில்டுச் சாசனங்களின் சிகரம் என்று சொல்வேன். பட்டினங்கள், வேளாபுரங்கள், கடிகைத்தாவளங்கள் என்று பலவகை வணிக ஸ்தலங்களையும் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி, அவ்வழியே செல்லும் சரக்குகளின்மேல் தாங்களாகவே ஒரு மகமையை விதித்துக்கொண்டு அதைக் கோயிலின் திருப்பணிக்கு அளித்த செய்தி அது. உப்பும் நெல்லும் பயறும், பஞ்சும் நூலும் புடைவையும், மிளகும் பாக்கும் இரும்பும், சந்தனமும் கர்ப்பூரமும் என்று நீளும் அந்தப் பட்டியலில், மாட்டுவண்டிப் பாதையில் போகும் பண்டமும் மரக்கலத்தில் வந்த பண்டமும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசன் விதித்த வரியல்ல அது. குழு தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொண்ட கட்டளை. இத்தகைய தீர்மானம் நிறைவேறிய சபை எங்கே கூடியது என்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டியதில்லை; அந்தத் தீர்மானம் எந்தச் சுவரில் எழுதப்பட்டதோ அந்தச் சுவரே அவர்களுடைய சபையின் பதிவேடு.

எடைபோடும் உரிமையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் கில்டின் உயிர்நிலை தராசிலே இருந்தது. வாங்குபவனும் விற்பவனும் ஒருவரையொருவர் அறியாத பெருஞ்சந்தையில், பொதுவான நிறைகோலும் பொதுவான மரக்காலும் இல்லாவிட்டால் வாணிகமே நடவாது. அவற்றை யார் கையில் ஒப்படைப்பது என்பதுதான் ஒவ்வொரு நகரமும் தீர்க்கவேண்டியிருந்த பிரச்சினை. ஆம்ஸ்டர்டாம் அதற்கென்று ஒரு சாலை கட்டியது. காஞ்சிபுரம் என்ன செய்தது என்பதை, சென்னை அருங்காட்சியகத்திலுள்ள உத்தம சோழனின் செப்பேடு சொல்லுகிறது. காஞ்சிபுரமாகிய கச்சிப்பேட்டில் நிறுத்து விற்கும் பண்டங்களுக்கு வசூலாகும் கோல்நிறைக் கூலியும், அளந்து விற்கும் பண்டங்களுக்கு வசூலாகும் கால் அளவுக் கூலியும் ஊரகத்து உலகளந்த பெருமாளுக்கு உரியவையாயிருந்தன. அந்தக் கோயிலின் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு நகரத்துச் சேரிகளில் குடியிருந்த நெசவாளர்களிடம் ஒப்புவிக்கப்பட்டது. கணக்குப் பார்க்கும் பொறுப்பு நகரத்தாருக்கு இருந்தது. சேரநாட்டுக் கொல்லத்திலும் இதே நியாயம்தான் வழங்கியது: 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், நிறைகோல் முதலிய அளவைக் கருவிகளைக் காக்கும் பொறுப்பைக் கிறிஸ்தவப் பள்ளிக்கு அளித்து, அஞ்சுவண்ணத்தாரையும் மணிக்கிராமத்தாரையும் அதன் உரிமைகளுக்குக் காவலாக நிறுத்துகின்றன. பெருமாளாயினும் பள்ளியாயினும், தராசு தெய்வ சந்நிதியில் இருந்தால் பொய்க்காது என்று வைணவனும் கிறிஸ்தவனும் அவர்களோடு வணிகம் செய்த பிற மதத்தினரும் ஒருமனதாக நம்பியிருந்தார்கள்.

கடல் கடந்தும் தங்கள் குழு வழக்கத்தை நம் வணிகர்கள் கொண்டுசென்றனர். தாய்லாந்தின் தகுவாபாவில், அவனிநாரணம் என்னும் குளத்தை ஒன்பதாம் நூற்றாண்டில் வெட்டியவர்கள், அதை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் விட்டார்கள். சுமத்திராவின் பாரூஸில் 1088ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட கல், அங்கே வேளாபுரத்தில் கூடிய திசையாயிரத்து ஐந்நூற்றுவர், மரக்கலம் கொண்டுவரும் நாயகனும் அவனுடைய ஆட்களும் கஸ்தூரியின் விலையை அளவாகக்கொண்டு பொன் செலுத்திய பிறகே, விரித்த பாவாடையின்மேல் கால்வைத்து ஏறவேண்டும் என்று முடிவுசெய்ததைக் கூறுகிறது. பர்மாவின் பழைய தலைநகரான பகானில், பதின்மூன்றாம் நூற்றாண்டில், நாநாதேசி விண்ணகர் என்று குழுவின் பெயரையே தாங்கிய விஷ்ணு கோயில் இருந்தது. மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்திலிருந்து சென்ற ஒருவர் அதற்கு ஒரு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்தார். வட ஐரோப்பாவின் ஹன்சா வர்த்தகர்கள் நார்வேயின் பெர்கெனிலும் லண்டனிலும் தங்கள் பண்டசாலையையும் உறைவிடத்தையும் அமைத்துக்கொண்ட காலத்துக்கு வெகு முன்பிருந்தே, நம்மவர் அந்நிய மண்ணில் தங்களுக்குள் ஒரு நியாய ஸ்தலத்தை நிறுவிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை ஆற்றல் படைத்த குழுக்கள் தங்களுக்கென்று தனி மாளிகை கட்டாததற்குக் காரணம் என்ன? வெப்ப நாட்டில் சுவரில்லாத தூண் மண்டபமே கூட்டத்துக்குப் போதுமானது என்று சிலர் சொல்லலாம். அது உண்மையின் ஒரு சிறு பகுதியே. ஐந்நூற்றுவர் ஊர் ஊராகச் சஞ்சரித்த குழுவினர்; ஐரோப்பியக் கில்டைப்போல ஒரு நகரத்தின் மதிலுக்குள், ஒரு நகர சாசனத்தின் பலத்தில் வாழ்ந்தவர்களல்லர் என்பது அதைவிட வலிமையான காரணம். ஆனால் பிரதானமான காரணம் சொத்துரிமையைப் பற்றியது என்பது என் அபிப்பிராயம். மனிதர்களின் குழு இன்று இருக்கும், நாளை சிதறும். அதன் சொத்தை அரசன் பறிக்கலாம், பங்காளிகள் பிரித்துக்கொள்ளலாம். தெய்வமோ அழிவில்லாத உடைமையாளர். தேவதானத்தைக் கவர்ந்தவனுக்கு நேரும் பாவத்தைக் கல்வெட்டுக்களின் இறுதி வரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்தன. எனவே குழு தன் பொருளையும் புகழையும் தீர்மானங்களையும் தெய்வத்தின் பெயரில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டது. இங்கிலாந்தில் 1547இல் எந்தப் பிணைப்பு கில்டின் சொத்தைப் பறிகொடுக்கச் செய்ததோ, அதே பிணைப்பு இங்கே அதைப் பல நூற்றாண்டுகள் காத்தது. அதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. குழு மறைந்தபின் கோயில் கோயிலாகவே நின்றது. அது ஒரு காலத்தில் வணிகரின் சபையாகவும் இருந்தது என்ற நினைவு ஜனங்களின் மனத்திலிருந்து அடியோடு நீங்கிவிட்டது.

அரசனை எதிர்த்து நிற்கவும் இந்த மண்டபங்கள் இடம் தந்தன. 1429ஆம் ஆண்டில், விஜயநகர அதிகாரிகளின் வரிக் கொடுமை பொறுக்காமல், விருத்தாசலம், கொறுக்கை முதலிய ஊர்களில் வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டுமாகிய சாதிப் பிரிவினரும், தங்களுக்குள் இருந்த பகையை மறந்து ஒன்றுகூடி, முறைகேடான வரியைக் கொடுப்பதில்லை என்று உறுதிசெய்து, அதைக் கோயில் சுவர்களிலேயே வெட்டுவித்தார்கள். உழுதவனும் நெய்தவனும் விற்றவனும் ஒரே ஏட்டில் கையெழுத்திட்டது போன்ற அந்தச் சாசனங்கள், தமிழ்நாட்டுப் பொதுவாழ்வின் சரித்திரத்தில் பெறவேண்டிய இடத்தை இன்னும் பெறவில்லை என்பது என் குறை.

ஆனால் எல்லோருக்கும் கோயில் வாசல் திறந்திருக்கவில்லை. பிறப்பினால் வரையறுக்கப்பட்ட குழுக்களைக் கொண்ட சமூகத்தில், சந்நிதிக்குள் நுழைய அனுமதியில்லாதவருக்கு மண்டபமும் இல்லை, மண்டபத்தில் கூடும் சபையும் இல்லை, சபையின் தராசும் இல்லை. இந்த அநீதியின் ஆழத்தை அளந்து பார்க்க விரும்புவோர் நாடார் வர்த்தகர்களின் சரித்திரத்தைப் படிக்கவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் குடியேறிய அவர்கள், வண்டிகளும் மாடுகளும் இரவில் தங்கவும் சரக்கைப் பத்திரமாக இறக்கிவைக்கவும் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தார்கள். பேட்டைக்கு வரும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு மகமை வசூலித்தார்கள். அந்த மகமையை உறவின்முறை என்னும் சபை நிர்வகித்தது. முறைக்காரர்கள் கூடி வழக்குத் தீர்த்தார்கள். கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் அவர்கள் 1897இல் பிரவேசித்ததை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு, கீழ்க் கோர்ட்டிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்குப் பாதகமாகவே முடிந்தது. அந்தக் கதவு மூடியே இருந்ததனால், யார்க் வர்த்தகர்கள் ஒரே கூரையின்கீழ் அமைத்துக்கொண்டவற்றையெல்லாம் அவர்கள் தனித்தனியே தாங்களே எழுப்பவேண்டியதாயிற்று: பண்டசாலைக்குப் பேட்டை, நீதிக்கு உறவின்முறை, வழிபாட்டுக்குத் தங்கள் சொந்த அம்மன் கோயில், தர்மத்துக்குப் பள்ளிக்கூடம். விருதுநகரின் க்ஷத்திரிய வித்தியாசாலை, மகமைப் பணத்தோடு வீடுதோறும் திரட்டிய பிடியரிசியாலும் வளர்ந்த பள்ளி. சத்துணவுத் திட்டத்துக்கு முன்னோடியாக மதிய உணவை ஊர்தோறும் பரப்பிய காமராஜர் அங்கே பயின்றவர். 1910இல் நாடார் மகாஜன சங்கமும், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் தோன்றின. அந்த வங்கியே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. தமிழ்நாட்டில் ஐரோப்பியக் கில்டு மண்டபத்துக்கு எல்லாவற்றிலும் நெருங்கிய ஸ்தாபனம் எது என்று கேட்டால் உறவின்முறையையே நான் சுட்டுவேன். கோயில் மண்டபம் மறுக்கப்பட்டவர்களிடத்தில்தான் வாணிகக் கூடம் வெளிப்படையாக உருவெடுத்தது.

தாய்நாட்டை விட்டு நெடுந்தூரம் சென்றவர்களுக்கும் அத்தகைய தேவை ஏற்பட்டது. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்களின் வழியாகத் தங்கள் குல ஒழுங்கையும் திருமணப் பதிவையும் நடத்திவந்த நகரத்தார் என்னும் செட்டியார் சமூகத்தினர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ரங்கூனிலும் கடை வைத்தபோது, கோயிலையும் கிட்டங்கியையும் சேர்த்தே கட்டினார்கள். சிங்கப்பூரில் தமிழர் செட்டித் தெரு என்று வழங்கிய மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில், நீண்ட கூடத்தின் இருமருங்கிலும் பல மார்க்காக்களின் முகவர்கள் பெட்டியடியில் சம்மணமிட்டு அமர்ந்து பகலெல்லாம் கொடுக்கல் வாங்கல் நடத்தி, இரவில் அதே இடத்தில் பாய்விரித்துப் படுத்து, பொதுச் சமையலில் உணவுண்டு, மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்து தொழில் செய்தது வெறும் சிக்கனமன்று. ஒருவரது நாணயத்தை மற்றொருவர் அன்றாடம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஏற்பாடே எழுதப்படாத தணிக்கையாயிற்று. 1859இல் டாங்க் ரோட்டில் எழுந்த தண்டாயுதபாணி கோயில் அவர்களுடைய பொதுச் சபை. ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் தமிழ் மாதந்தோறும் நகரத்தார் கூடி, தங்களுக்குள் வழங்கும் நடப்பு வட்டி விகிதத்தை நிர்ணயித்தார்கள். பர்மா முழுவதும் பரவிக் கிடந்த கடன் வாணிகத்தின் நாடி முருகன் சந்நிதியில் பார்க்கப்பட்டது. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் 1970களில் நகரச் சீரமைப்புக்கு இரையாயின. கோயில் நிற்கிறது, தைப்பூசக் காவடிகள் இன்றும் அதை நோக்கியே செல்கின்றன.

இனித் திருநீர்மலைக்குப் பக்கத்து ஊருக்கு வருவோம். பம்மலைக் கடந்து அடையாற்றை நெருங்கினால் எதிர்ப்படும் அனகாபுத்தூர், 2021 முதல் திருநீர்மலையோடு சேர்ந்து தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாகிவிட்ட நெசவாளர் ஊர். மதராஸ் கைக்குட்டை என்று உலகச் சந்தையில் பெயர்பெற்ற கட்டம்போட்ட பருத்தித் துணியை இவ்வூர்த் தறிகள் நெய்து அனுப்ப, அது நைஜீரியாவைச் சென்றடைந்தது. நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள் அதை இஞ்சிரி என்று அழைத்து, பிறப்பு முதல் இறப்பு வரையுள்ள சடங்குகளில் மரியாதைக்குரிய ஆடையாகப் போற்றினார்கள். ஆப்பிரிக்கக் குடும்பமொன்றின் துக்கத்திலும் மகிழ்ச்சியிலும் பங்குபெற்ற துணியை நெய்த கைகள் நம்மிடமிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்! நைஜீரிய அரசு துணி இறக்குமதியைத் தடுத்தபோது இங்கே பல தறிகள் ஓய்ந்தன. பின்னர் வாழைநார் முதலிய இயற்கை நார்களைப் பருத்தியோடு சேர்த்து நெய்யும் புதுமுயற்சியால் ஊரின் பெயர் மீண்டும் வெளியுலகில் கேட்கத் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் நெசவாளருக்குக் கில்டின் ஸ்தானத்தை அளிக்க முயன்றது கூட்டுறவு இயக்கம். 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும், அதனோடு இணைந்த ஊர்தோறுமுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், நூலை நிறுத்துக் கொடுத்து, நெய்து வந்த துணியை அளந்து, இழை ஒழுங்கும் சாயமும் பார்த்து, கூலி வழங்கும் முறையைக் கவனித்தால், ஆம்ஸ்டர்டாம் பரிசோதகர்களும் கச்சிப்பேட்டு நகரத்தாரும் செய்த அதே காரியம் சங்க அலுவலகத்து மேசைமேல் நடப்பதை உணரலாம். பிறப்பைக் கேளாமல் தொழிலை மட்டும் கேட்டு உறுப்பினராக்கும் விதி அந்தச் சங்கங்களுக்கு உண்டு. ஐந்நூற்றுவருக்கோ யார்க் வர்த்தகருக்கோ இல்லாத மேன்மை அது. ஆனாலும் இவை பெரும்பாலும் நூல் கிடங்கும் கணக்கு அறையுமாகவே நின்றுவிட்டன. கூடிப் பேசவும், முதியவர் இளையவருக்குக் கற்பிக்கவும், ஊரின் நெசவுச் செல்வத்தைச் சேர்த்துவைக்கவும் உரிய கூடமாக வளரவில்லை.

தறிகள் வீடுகளுக்குள் இருக்கும் அனகாபுத்தூர் போன்ற ஊரில் ஒரு நெசவாளர் மண்டபம் எழுமானால், அதற்கு ஆடம்பரம் எதுவும் தேவையில்லை. துணியை விரித்துப் பரிசோதிக்க நல்ல வெளிச்சமுள்ள நீண்ட மேசை; நூலும் நாரும் ஈரம் படாமல் வைக்கும் அறை; சிறுவர்களும் சிறுமிகளும் பாவு ஓட்டவும் அச்சுப் பிணைக்கவும் கற்றுக்கொள்ளும் இரண்டொரு தறி; கலாபரி மக்களுக்காக நெய்த கட்டங்களின் மாதிரித் துண்டுகளை ஆண்டுவாரியாக ஒட்டிவைத்த ஏடுகள்; கூலியைப் பற்றியும் விலையைப் பற்றியும் நெசவாளர்களே கூடி நிறைவேற்றிய தீர்மானங்களை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க ஒரு சுவர். இவற்றுள் மாதிரி ஏடுகளையே முதலில் தொடங்கவேண்டும். ஏனெனில் அந்தக் கட்டங்களை நெய்த தலைமுறையினர் முதுமையடைந்துவிட்டனர், பெட்டிகளின் அடியில் அவர்கள் மடித்துவைத்திருக்கும் துண்டுகளுக்குப் பெயரும் கணக்கும் சொல்ல இன்று அவர்களால் முடியும்.